கணிப்பொறியில் எழுந்த நீலகிரி

தாளில் வரைந்த மலையை எழுந்து நிற்கச் செய்ய முடியுமா? சம உயரக் கோடுகளைப் படித்த நாங்கள், நீலகிரியைக் கணிப்பொறியில் முப்பரிமாணமாக உருவாக்க முனைந்தோம்.

இதற்கு முதலில் வேண்டியவை உயர அளவுகள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காட்டை ரேடார் அலைகளால் அளந்தது. அவ்வளவுகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஏறக்குறைய 30 மீட்டர் பக்கமுள்ள கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயர எண் உண்டு. கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருள் அவ்வெண்களை இணைத்து மலையாக்குகிறது. அடர்ந்த சோலைகளில் மட்டும் தரையின் உயரத்தோடு மரங்களின் உயரமும் கலந்துவிடும்.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால், 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வெறும் 2.6 சென்டிமீட்டர்தான்! ஏமாற்றமடைந்த நாங்கள் உயரத்தை மட்டும் 5 மடங்காக்கினோம். நீலகிரி இமயமலைபோல் நிமிர்ந்தது.

"அழகாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளே. ஆனால் உண்மையா?" என்று கேட்டார்கள் எங்கள் சிஸ்டர்.

கணக்கிட்டுப் பார்த்தோம். 10 பாகைச் சரிவு 41 பாகையாகத் தோன்றியது! மண்சரிவு நேரும் மலையில், இப்படத்தை நம்பி ஒருவர் வீடு கட்டும் இடத்தை முடிவு செய்தால் என்னவாகும்?

எனவே 2 மடங்கோடு நிறுத்தி, "உயரம் 2 மடங்கு" என்று படத்தின் அடியிலேயே எழுதினோம். மிகைப்படுத்துவது தவறன்று, அதை மறைப்பதே தவறு என்று கற்றுக்கொண்டோம்.