இடையறாது, விட்டுவிட்டு, ஆண்டுதோறும்

‘குற்றாலத்தில் சாரல் தொடர்ந்து பெய்கிறது’ என்று தென்காசிப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதுவதுண்டு. பெரும்பாலும் அது விட்டுவிட்டே பெய்யும். இடையில் வெயிலும் தலைகாட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த நாள்களில் பேரருவி இரவு பகலாக ஓயாது விழுமே, அதுவே ‘இடையறாது’. அப்பருவம் ஆனிவாக்கில் மீண்டும் மீண்டும் வருதலால் ‘ஆண்டுதோறும்’. இதனை ‘ஒவ்வோர் ஆண்டுதோறும்’ என எழுதுவது கூறியது கூறல். ஆசிரியர் சிலரும் இதற்கு விலக்கல்லர்! ‘நித்தம்’ என்பதோ இரு பக்கமும் நிற்கும் சொல். என்றும் உள்ளதையும் குறிக்கும், நாடோறும் நிகழ்வதையும் குறிக்கும். இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும்.

இவ்வேறுபாடு தேர்வுத் தாளோடு முடிவதன்று. ‘ஆண்டுதோறும் ஆனியில் நீர் வரும்’ என்றால், பிற மாதங்களில் வாராது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வர். 2024 மே 17 அன்று, சாரல் பருவம் பிறக்குமுன்னரே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது, அவர் உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழை, கீழே தூறல் இல்லாதபோதும் அருவியில் வெள்ளமாக இறங்கும். ‘தோறும்’ என்பது பருவத்துக்குப் பொருந்தும், வெள்ளத்துக்குப் பொருந்தாது. வெள்ளத்துக்குரிய சொல் ‘எந்நேரமும் வரலாம்’ என்பதே. அருவிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இதனைச் சொல்லி அனுப்புங்கள்.