ஜெல் மேசையில் பிளீச் வேண்டாம்

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். ஜெல்லிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும்போது எத்திடியம் புரோமைடு ஒன்றுதான் ஆபத்து என்கிறார்கள் சீனியர்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. எத்திடியம் புரோமைடு டி.என்.ஏ.வின் படிகளுக்கு இடையே புகுந்துகொள்ளும். மரபணு மாற்றத்தைத் தூண்டக்கூடியது. நைட்ரைல் கையுறை கட்டாயம்.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது, ஜெல் துண்டைக் கரைக்க ஊற்றுகிறீர்களே, அந்தக் கரைசலுக்குத்தான். டி.என்.ஏ. பிரிக்கும் பல கிட்களில் அதில் குவானிடின் தயோசயனேட் இருக்கிறது. தோலையும் கண்ணையும் உறுத்துவதோடு அது நிற்பதில்லை. சிந்தியதைப் பழக்கத்தில் பிளீச் ஊற்றித் துடைத்தால் சயனைடு வகை நச்சு வாயுக்கள் கிளம்பும். கிருமி போக்கும் என்று நம்பிச் செய்கிற நல்ல பழக்கமே இங்கே எமனாகிவிடுகிறது. அமிலமும் சேரக் கூடாது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, தாளையும் மிச்சக் கரைசலையும் தனிக் கழிவுப் புட்டியில் சேருங்கள், தொட்டியில் கொட்டாதீர்கள்.

புறஊதா விளக்கின் மேல் ஜெல்லை வெட்டக் குனியும்போது அந்தக் கதிரைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள். கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே மணிக்கட்டு தெரியக் கூடாது. விளக்கில் 365 நானோமீட்டர் அலைநீளம் இருந்தால் அதையே போடுங்கள், உங்கள் டி.என்.ஏ. துண்டும் குறைவாகவே சிதையும்.

நாளைக்கே உங்கள் கிட்டின் பாதுகாப்புத் தாளைப் படியுங்கள், சீனியர்களுக்கும் காட்டுங்கள்.