அடிபட்ட நாயும் அன்பின் அளவும்



பல ஆண்டுகள் வீட்டில் வளர்ந்த நாய் வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். மிருக வைத்தியர் சொல்லும் தொகையோ தகப்பனின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். "ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா?" என்கிறார் ஒருவர். "வாயில்லாச் சீவனைச் சாகவிடுவதா?" என்கிறார் மற்றவர். இரண்டுமே நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை தேடுவதே இவ்வாரப் பாடம்.

உடனே செய்ய வேண்டியவை

வேதனையில் துடிக்கும் நாய் தன் எசமானையும் கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையெனில், மெல்லிய துணியால் அதன் வாயைக் கட்டுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடும், ஆகவே பலகையொன்றில் கிடத்தித் தூக்குங்கள். பல்முரசு வெளிறியிருந்தால் உள்ளே இரத்தம் கசியலாம், தாமதிக்க வேண்டாம்.

நமக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரொபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய் எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

திருச்சபையின் போதனை

1992ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதுபற்றித் தெளிவாகவே பேசுகிறது. மிருகங்களும் இறைவனின் படைப்புகள். அவற்றுக்கு நாம் அன்பு காட்டக் கடமைப்பட்டவர்கள். தேவையின்றி அவற்றை வதைப்பது மனித மாண்புக்கு முரணானது. ஆயினும் மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை அவற்றிற்குச் செலவிடுவதும் தகாது (2416–2418).

ஆகவே நாய்க்கு நாம் கடன்பட்டிருப்பது, உலகிலுள்ள எல்லாச் சிகிச்சையையும் அல்ல. வேதனையின்றி இருக்க வழிசெய்வதையே. கட்டணச் சீட்டு அன்பின் அளவுகோல் அன்று. பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த நகையை ஈடு வைக்காத தாய் அன்பற்றவள் அல்லள். தன் வசதிக்குள் சிகிச்சை செய்விப்பவரை ஏளனம் செய்வதும் முறையன்று. ஆனால் செலவுக்கு அஞ்சி, அடிபட்ட நாயைச் சாக்கில் கட்டித் தெருவோரம் விட்டுவருவது பாவமே.

வைத்தியரிடம் கேளுங்கள்

பிழைக்க எவ்வளவு வாய்ப்புண்டு? பிழைத்தபின் வேதனையின்றி வாழுமா? மொத்தச் செலவு எவ்வளவு? செலவு குறைந்த வேறு வழியுண்டா? வெட்கப்படாமல் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிவுகள் பல, சத்திரசிகிச்சையின்றிச் சில வாரங்கள் அடைத்து வைத்துப் பராமரிப்பதாலேயே பொருந்திவிடும். கால் ஒன்றை அகற்ற நேர்ந்தாலும் நாய் மூன்று காலில் நன்றாகவே ஓடித்திரியும். அருகிலுள்ள அரசாங்க மிருக வைத்திய நிலையத்திலும் விசாரியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியபீடத்திற்கும் போதனா வைத்தியசாலை உண்டு.

குணமாகாது, வேதனை மட்டுமே மிஞ்சும் என வைத்தியர் கூறினால், ஊசிமருந்தால் அதை அமைதியாக உறங்கச்செய்வது பாவமன்று. மனித உயிருக்கு இது ஒருபோதும் பொருந்தாது. அவ்வுயிர் இறைவனின் சாயல். வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கும் விளக்குங்கள்.

பிள்ளைகளிடம் "நாய் எங்கோ ஓடிவிட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். அவர்கள் படலையடியில் காத்திருப்பார்கள். உண்மையைச் சொல்லி, கூடவே அழ விடுங்கள். தோபித்து நூலிலே, இளைஞன் தோபியாவும் அதிதூதர் இரபேலும் சென்ற பயணத்தில் ஒரு நாயும் கூடச் சென்றது. நம் வழித்துணையாய் வந்த சீவனுக்காகக் கண்ணீர் விடுவது பலவீனமன்று.

சிந்தனைக்கு:

1. நம் வீட்டு நாய் தெருவில் திரியாதபடி படலையைச் சாத்தி வைக்கிறோமா?
2. அதன் சிகிச்சைக்கென மாதந்தோறும் சிறு தொகை சேமிக்க முடியுமா?
3. அயலில் ஒரு மனிதர் நோயுற்றால் இதே பரிவோடு ஓடுகிறோமா?