மொட்டைக் கடிதம் வந்தால்

கிள்ளான்

அன்பு மகளுக்கு,

கோலாலம்பூரில் ஒரு தூதரகத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது, தபால் பிரிக்கும் மேசையில் உட்காரப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னபோது பெரியப்பாவுக்கு அத்தனை சந்தோஷம். கூடவே ஒரு கவலையும் வந்தது. அந்த மேசைக்கு விசா விண்ணப்பமும் விழா அழைப்பிதழும் மட்டும் வருவதில்லை. "உங்கள் தூதரைக் கொல்வோம்" என்று பெயர் போடாத கடிதமும் ஒருநாள் வரலாம். அன்றைக்கு முதலில் அதைத் தொடுவது உன் கைதான்.

மாட்ரிட்டில் நடந்ததைக் கேள். 2022 நவம்பர் 30 அன்று அங்குள்ள உக்ரைன் தூதரகத்துக்குத் தூதர் பெயரில் ஒரு பொட்டலம் வந்தது. ஊழியர் ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. மற்றவர்களுக்கு ஆபத்து வேண்டாம் என்று அதைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், தானே திறந்தார். உள்ளே 'கிளிக்' என்று சத்தம் கேட்டதும் வீசி எறிந்தார், வெடித்தது. கையில் சிறு காயத்தோடு பிழைத்தார். நல்ல மனசு, துணிச்சலான மனிதர். ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்ததே, அந்த இடத்திலேயே கையை எடுத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்த பொருளை அசைக்கக் கூடாது, முகரக் கூடாது, வெளியே தூக்கிப் போகவும் கூடாது. வைத்த இடத்தில் விட்டுவிட்டு, ஆட்களைத்தான் நகர்த்த வேண்டும். அந்தப் பொட்டலத்தை அனுப்பியவர் என்று பிடிபட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஓய்வூதியர். 2024-இல் அவருக்கு 18 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

தூள் வந்தால் கதை வேறு. 2005 ஜூன் 1 அன்று கான்பராவில் இந்தோனேசியத் தூதரகத்துக்கு வந்த உறையில் வெள்ளைத் தூள் இருந்தது. பாலியில் ஆஸ்திரேலியப் பெண் ஒருவருக்குப் போதைப்பொருள் வழக்கில் 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. தூதரகத்தை மூடினார்கள், ஊழியர்களைத் தனிமைப்படுத்தினார்கள். கடைசியில் அது ஆபத்தில்லாத தூள் என்று தெரிந்தது. 2019 ஜனவரியில் அதே ஆஸ்திரேலியாவில் ஒரே ஆள் 38 பொட்டலங்களைத் தூதரகங்களுக்கும் துணைத் தூதரகங்களுக்கும் அனுப்பியதாகப் போலீஸ் சொன்னது. மெல்பர்னில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் ஒன்று போனது.

பெரும்பாலும் வெறும் பயமுறுத்தல்தான் என்று நினைத்து அசட்டையாக இருந்துவிடாதே. 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்து வந்த கடிதங்களால் 5 பேர் செத்தார்கள், 17 பேர் நோயில் விழுந்தார்கள். செத்தவர்களில் இருவர் வாஷிங்டனில் தபால் பிரித்தவர்கள். ஆகவே தூளைப் பார்த்தால் உறையை மெல்லக் கீழே வை. ஏர்கோனை அடைக்கச் சொல், அறைக் கதவைச் சாத்து, சோப்புப் போட்டுக் கை கழுவு. அந்த அறையில் இருந்தவர்கள் கட்டடத்துக்குள் அலைய வேண்டாம். 999-க்கு அழைத்தால் பொம்பா தீயணைப்புப் படையும் போலீசும் வருவார்கள்.

இனி, வெறும் எழுத்து மட்டும் உள்ள கடிதம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ஆத்திரத்தில் கிழிப்பவர் உண்டு, சக ஊழியர் பத்துப் பேருக்குக் கைமாற்றுபவர் உண்டு, படம் பிடித்து வாட்சாப் குழுவில் போடுபவரும் உண்டு. மூன்றும் எழுதியவனுக்குச் செய்கிற உதவி. மிரட்டல் என்று தெரிந்த நொடியில் தாளை மேசையில் வை. உறையைக் குப்பையில் போடாதே. தபால் முத்திரையும் ஒட்டிய பசையும் கடிதத்தைவிட அதிகம் பேசும். இரண்டையும் தனித்தனிக் காகித உறையில் இடு. எத்தனை மணிக்கு வந்தது, யார் கொண்டு வந்தார், யார் யார் தொட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி வை. பிறகு பாதுகாப்பு அதிகாரியிடம் மட்டும் சொல். மின்னஞ்சலாக வந்தால் அழிக்காதே, யாருக்கும் அனுப்பாதே. தொலைபேசியில் வந்தால் அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுது. நாகரிகமாக மாற்றி எழுதாதே.

ஒன்றை நன்றாக மனசில் வாங்கிக்கொள். 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 22-ஆம் பிரிவு. தூதரகத் தலைவர் சம்மதம் இல்லாமல் மலேசியப் போலீஸ் உள்ளே கால் வைக்க முடியாது. அதே பிரிவுதான், தூதரகத்தைக் காப்பது மலேசியாவின் சிறப்புக் கடமை என்றும் சொல்கிறது. 24-ஆம் பிரிவுப்படி தூதரகத்தின் ஆவணங்களைப் பிறர் தொட முடியாது. அதனால் கடிதத்தைப் போலீசிடம் கொடுப்பது தலைவர் எடுக்க வேண்டிய முடிவு. நல்லெண்ணத்தில் நீயாக நகல் எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலையத்துக்கு ஓடிவிடாதே. கொடுத்த பிறகு சட்டம் தன் வேலையைச் செய்யும். நம் தண்டனைச் சட்டத்தின் 506-ஆம் பிரிவில் கொலை மிரட்டலுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பெயரை மறைத்து மிரட்டினால் 507-ஆம் பிரிவு மேலும் இரண்டு ஆண்டு வரை சேர்க்கும்.

பெரியப்பாவுக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கடிதம் தமிழில் இருக்கிறது, ஈழம் என்ற சொல் இருக்கிறது, உடனே "நம்ம ஆள்தான் எழுதியிருப்பான்" என்று யாரிடமும் சொல்லாதே. அந்த ஆந்த்ராக்ஸ் கடிதங்களில் அல்லாவின் பெயரும் அமெரிக்காவுக்குச் சாவு என்ற வாசகமும் இருந்தன. எப்.பி.ஐ. கடைசியில் கைகாட்டியது அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் விஞ்ஞானி புரூஸ் ஐவின்சை. நம் நாட்டில் சந்தேகம் எவ்வளவு கனமானது என்று உனக்குத் தெரியும். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைச் சோஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். நாலு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, 2020 பிப்ரவரி 21 அன்றுதான் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைக் கைவிட்டார். அத்தனை நாளும் அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை யார் ஈடுகட்டுவது? உன் குறிப்பில் பார்த்ததை எழுது. யூகத்தை எழுதாதே.

அதற்காக நம்மவர் செய்ததை மறைக்கவும் வேண்டாம். 2016 செப்டம்பர் 4 அன்று, இலங்கையின் முன்னாள் அதிபர் மகிந்த ராஜபக்ச கோலாலம்பூருக்கு வந்திருந்த சமயத்தில், இலங்கைத் தூதர் இப்ராகிம் அன்சாரை விமான நிலையத்தில் ஒரு கும்பல் அடித்தது. ஐந்து பேர் கைதானார்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி உலகம் பேச வேண்டிய நேரத்தில், தூதரை அடித்ததைப் பற்றிப் பேச வைத்தார்கள். அது நியாயமே இல்லை.

கோபமான கடிதம் எல்லாம் மிரட்டல் கடிதம் ஆகாது என்பதையும் மறந்துவிடாதே. 2007 நவம்பர் 25 அன்று இண்ட்ராப் அமைப்பின் அழைப்பில் நம் மக்கள் பல்லாயிரம் பேர் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கி நடந்தார்கள். எலிசபெத் ராணிக்கு ஒரு லட்சம் கையெழுத்தோடு மனு கொடுக்கப் போனவர்கள் அவர்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் மறித்தன. அவர்கள் யாரையும் மிரட்டவில்லை. பெயரைப் போட்டு நீதி கேட்டார்கள். உன் மேசைக்கும் அப்படி மகஜர் வரும், திட்டும் வரும், சம்பளம் கிடைக்காத தொழிலாளியின் கண்ணீரும் வரும். "உங்களைச் சும்மா விடமாட்டேன், கோர்ட்டுக்குப் போவேன்" என்பது உரிமை. "உங்களைச் சும்மா விடமாட்டேன், வீடு எங்கே என்று தெரியும்" என்பது குற்றம். முதலாவதற்குப் பதில் அனுப்ப ஏற்பாடு செய். சொல் தடித்திருக்கிறது என்பதற்காக அதை இரண்டாவதன் கோப்பில் சேர்த்துவிடாதே.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒன்றைக் கேள். மிரட்டல் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார், அவர்கள் எண் என்ன என்று எழுதிய தாள் மேசையில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதி வாங்கி ஒட்டி வை. புது ஆள் இப்படிக் கேட்கலாமா என்று கூச்சப்படாதே, மகளே. கேட்டே ஆக வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா