சந்தனமா, அகிலா?

மாணவர்களே! மார்கழி விடியலில் கங்கைகொண்டானின் சிற்றாற்றங்கரை சற்றே குளிரும். அவ்வேளைக்கு ஏற்ற நறுமணம் எது? பொதிகை மலைக்குப் புகழ் தந்த சந்தனமா, அகிலா?

சங்க நூலாகிய நெடுநல்வாடை இதற்கு விடை கூறுகிறது. கூதிர்காலத்தில் சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடந்ததாம். அகிலையோ நெருப்பிலிட்டுப் புகைத்தனராம். ஏன்?

அரைத்த சந்தனத்தில் நீர் உண்டு. அது ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது; உடல் குளிர்கிறது. கோடையில் இது இன்பம், வாடையில் துன்பம்.

அகில் மரத்தைப் பூஞ்சை தாக்கும்போது ஊறும் பிசினே மணம் தருகிறது. சந்தனத்தின் மணப்பொருளான சாந்தலாலின் மூலக்கூறில் 15 கார்பன் அணுக்கள் உள்ளன. அகிலின் மணப்பொருள்கள் பலவும் இத்தகையவையே. இக்கனமான மூலக்கூறுகள் குளிரில் மெல்லவே ஆவியாகும். கனலின் வெப்பம் அவற்றை விரைவில் ஆவியாக்கிக் காற்றில் பரப்புகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கிராம்புப் பொடியைக் குளிர்ந்த நீரிலும் வெந்நீரிலும் சம அளவில் இடுங்கள். எந்தக் கிண்ணம் மிகுதியாக மணக்கிறது?

ஆகவே, குளிருக்கு அகிற்புகையே ஏற்றது. சந்தனத்தூளையும் கனலில் தூவினால் அதுவும் நன்கு மணக்கும். மரத்தோடு, பயன்படுத்தும் முறையையும் பார்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும்.