கோதுக்குள் மருந்து நிரப்பப் பழகும் பிள்ளைகளுக்கு

நான் வடமராட்சியில் பிறந்தவன். கனடாவுக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒரு றைபிளைக் கையில் எடுத்தேன். கடதாசி இலக்கைத் தவிர வேறொன்றையும் அது சுட்டதில்லை. இப்போது எங்கள் பிள்ளைகள் சிலர் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு, "மாமா, ரவை நிரப்பக் காட்டித் தாங்கோ" என்று வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. வீட்டு மேசையில் வைத்துச் செய்கிற வேலையல்ல இது அங்கே. விடுமுறைக்குப் போகும்போது முகமாலைப் பக்கத்துக் காணியிலோ வேறெங்கோ பழைய ரவை கண்ணில் பட்டால், குனிந்து எடுக்காதீர்கள். ஹலோ ட்ரஸ்ட் என்ற அமைப்பு 2002 முதல் இலங்கையில் கண்ணிவெடி அகற்றுகிறது. அவர்களுக்கோ பொலிசுக்கோ சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத வெடிமருந்தை எந்த நாட்டிலும் பித்தளைக் கோதுக்குள் போடக் கூடாது.

2. சன்னம் பறக்கிற வேகத்தைத் தேடாதீர்கள். புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இலக்கில் துளைகளை ஒன்றுசேர்ப்பது வேகமல்ல. பத்து ரவையும் ஒரே மாதிரி இருப்பதுதான். மருந்தின் எடை, கோதின் கழுத்து சன்னத்தைப் பிடிக்கிற இறுக்கம், சன்னம் இறங்கி நிற்கிற ஆழம் ஆகிய மூன்றும் ரவைக்கு ரவை மாறக் கூடாது.

எடையை கிறெயினில் அளக்கிறோம். ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெயின். தராசு பத்தில் ஒரு கிறெயினைக் காட்டும். அது ஆறரை மில்லிகிராம். எங்கள் ஒழுங்கையில் இருந்த பத்தர் பொன் நிறுக்கும்போது யன்னலைச் சாத்துவார், எங்களைப் பேசவும் விடமாட்டார். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தராசின் முன் இருக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் முகம் நினைவுக்கு வருகிறது. வேலை தொடங்குமுன் சோதனைப் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபாருங்கள். நடுவிலும் ஒருமுறை பாருங்கள்.

3. பழைய லீ என்பீல்ட் வாங்கியவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். 'திறீ நொட் திறீ' என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த துவக்குத்தான். கனேடியப் படையின் ரேஞ்சர்ஸ் 1947 முதல் பல பத்தாண்டுகள் இதையே வைத்திருந்தார்கள். 303 என்ற பெயரைப் பார்த்துச் சிலர் 308 சன்னத்தை வாங்கிவிடுகிறார்கள். 303 என்பது குழலின் வரிமேடுகளுக்கு இடைப்பட்ட விட்டம். சன்னம் அதைவிடப் பருமன்: 0.311 அங்குலம், சில குழல்களுக்கு 0.312. உயர்தர பௌதிகவியலில் பிடித்த வேணியர் இடுக்கிமானி உங்களுக்குக் கைவந்ததுதானே? அதை எடுத்து அளந்து பாருங்கள்.

இந்தத் துவக்கின் அறை விசாலமானது. சுட்ட கோது நீண்டுவிடும். ஒவ்வொரு தடவையும் முழுக்க நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, ஒருநாள் கோது இரண்டாகப் பிரியும். கழுத்தை மட்டும் நெரியுங்கள். அதே துவக்கில் திரும்பவும் பயன்படுத்துங்கள். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கோதின் உட்சுவரைத் தடவிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கோதை நசித்து எறியுங்கள்.

4. மருந்தின் அளவை நான் இங்கே எழுதமாட்டேன். அதை மருந்துக் கம்பனி அச்சிட்ட கைநூல்தான் சொல்ல வேண்டும். நண்பன் சொல்லக் கூடாது. அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து சிறு படியாக ஏறுங்கள். அதற்குக் கீழேயும் போகக் கூடாது. துவக்கின் போல்ட்டைத் திறக்க இறுக்கமாக இருந்தாலோ கோதின் அடியில் இருக்கிற பிறைமரின் முகம் தட்டையானாலோ அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

5. மேசையில் ஒரே ஒரு மருந்துப் போத்தல் மட்டும் இருக்கட்டும். தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

6. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருந்தையும் சன்னத்தின் ஆழத்தையும் சேர்த்து மாற்றினால், நன்றாகச் சுட்டதற்கு எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது. மூன்று துளை ஒன்றாக விழுந்த கடதாசியைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். மூன்று போதாது, பிள்ளைகளே. அதே ரவையில் பத்துச் சுட்டுவிட்டு அனுப்புங்கள். ஆடியில் நன்றாகச் சுட்டதை மாசிக் குளிரிலும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். குளிரில் சில மருந்துகளின் வேகம் குறையும், துளையும் இடம் மாறும்.

7. தொடங்கி இரண்டாம் வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விசையை இழுத்தேன், 'பொத்' என்றொரு சத்தம். உதைப்பு வரவில்லை. அடுத்த ரவையை ஏற்றக் கை போனது. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோதுக்குள் மருந்தே போடாமல் விட்டிருக்கிறேன். பிறைமர் மட்டும் வெடித்துச் சன்னத்தைக் குழலுக்குள் தள்ளி, அங்கேயே விட்டுவிட்டது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கக்கூடும். அன்றிரவு எனக்கு நித்திரையில்லை.

அன்றிலிருந்து, ஐம்பது கோதையும் பலகையில் நிறுத்தி, சன்னம் ஏற்றுமுன் ஒவ்வொன்றுக்குள்ளும் டோர்ச் அடித்து மருந்தின் மட்டத்தைப் பார்க்கிறேன். கோதில் பாதிக்கு மேல் நிறைகிற மருந்தைத் தேர்ந்தெடுத்தால், தவறி இருமுறை போட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்கும். சத்தம் வித்தியாசமாக இருந்தால், துவக்கை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு அரை நிமிடமாவது பொறுங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

8. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுங்கள். ஈயம் உடம்பில் சேரும். சிறுபிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதில் இன்னும் கடுமையாக இருங்கள்.

9. ஒவ்வொரு பெட்டியிலும் திகதி, மருந்தின் பெயர், எடை, சன்னம், கோது எத்தனையாம் தடவை என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாத பெட்டி ஒன்று கிடைத்தால் அதைச் சுடாதீர்கள். சன்னத்தைக் கழற்றுகிற சுத்தியல் ஒன்று விற்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரியுங்கள். போன மாரியில் நான் அப்படி அறுபது ரவையைப் பிரித்தேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அடுத்த பெட்டி வரும்போது என்னையும் கூப்பிடுங்கள், வந்து சேர்ந்து தட்டுகிறேன்.