வானிலிருந்து ஒரு வயல்

பினாங்குத் தீவிலிருந்து இரண்டாவது பாலத்தின் வழியாகப் பெருநிலத்தை நோக்கி வருவோர் முதலில் வந்து சேரும் இடம் பத்து காவான். 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. இன்று பத்து காவானில் தொழிற்சாலைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், விளையாட்டரங்கம், அகன்ற சாலைகள் ஆகியவற்றைக் காண்கிறோம். ஆனால், ஒரு காலத்தில் இவ்வூர் கரும்புத் தோட்டமாகவும் பின்னர் செம்பனைத் தோட்டமாகவும் இருந்தது. நம் முன்னோர் பலர் அத்தோட்டங்களில் உழைத்து வாழ்ந்தனர்.

இந்த மாற்றத்தைப் பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்வார்கள். அதே மாற்றத்தை வானிலிருந்து பார்த்துப் பதிவு செய்துவைத்த சாட்சியும் உண்டு. அதுவே செயற்கைக்கோள். ஓர் ஊரின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால், எங்கே பசுமை குறைந்தது, எங்கே கட்டடம் எழுந்தது என்பது தெளிவாகும். அதைவிட நுட்பமான கேள்வி ஒன்றுக்கும் செயற்கைக்கோள் விடை தருகிறது: எந்த நிலத்துக்குப் பாசன நீர் கிடைக்கிறது, எந்த நிலத்துக்குக் கிடைக்கவில்லை?

ஏன் அளக்க வேண்டும்?

நிலத்தை அளப்பது தமிழருக்குப் புதியதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்திலேயே சோழ நாட்டு விளைநிலங்கள் கோல் கொண்டு அளக்கப்பட்டன. அன்று அளந்தது வரி விதிப்பதற்காக. இன்று அளப்பது பெரும்பாலும் நீரைப் பங்கிடுவதற்காக.

பத்து காவானில் குழாயைத் திறந்தால் வரும் நீரை எடுத்துக்கொள்வோம். பினாங்கு மாநிலத்தின் குடிநீருக்கான மூலநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து கிடைக்கிறது. கெடா மலைப்பகுதியில் பிறக்கும் அவ்வாறு, கடலை நெருங்கும்போது கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. அதே ஆற்றின் மேற்பகுதியில் மூடா அணை உள்ளது. அங்குத் தேங்கும் நீர் சுரங்க வழியாகப் பெடு அணைக்குச் சென்று, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் உள்ள ஏறத்தாழ 96,000 எக்டர் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. 1970ஆம் ஆண்டு முதல் இந்த நீரால்தான் அவ்வயல்களில் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. செபராங் பிறையிலும் நெல்வயல்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வடக்கு மாவட்டத்தில் இருக்கின்றன.

ஆக, ஒரே ஆற்றை நம்பி உழவரும் இருக்கிறார், தொழிற்சாலையும் இருக்கிறது, நம் வீட்டுச் சமையலறையும் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்தால் சிக்கல் இல்லை. மழை பொய்த்தால்? 1978ஆம் ஆண்டில் வறட்சியின் காரணமாக மூடா பாசனப் பகுதியில் ஒரு பருவச் சாகுபடி முழுவதும் கைவிடப்பட்டது. அறுவடை இல்லாததால் வயலுக்கு உரியவர் மட்டும் வருந்தவில்லை. நாற்று நட்டும் கதிர் அறுத்தும் கூலி பெற்றவர்களும் வருமானம் இழந்தார்கள். இத்தகைய நேரத்தில், எவ்வளவு நிலத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்னும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கணக்கில் தவறினால் ஒரு வாய்க்காலில் நீர் வீணாகும். மற்றொரு வாய்க்காலின் கடைமடை காய்ந்து கிடக்கும்.

செயற்கைக்கோள் எவ்வாறு பார்க்கிறது?

நிலத்தைக் கண்காணிக்கும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை அமெரிக்கா 1972ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் விண்ணில் ஏவியது. 2008ஆம் ஆண்டு முதல் லேண்ட்சாட் படங்கள் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் 2015ஆம் ஆண்டில் சென்டினல் 2 வகையின் முதல் செயற்கைக்கோளை அனுப்பின. அது பூமியிலிருந்து 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நம் நாட்டில், பகாங் மாநிலத்தின் தெமெர்லோவில் செயற்கைக்கோள் தரவுகளைப் பெறும் நிலையம் உள்ளது. 2019ஆம் ஆண்டில் உருவான மலேசிய விண்வெளி நிறுவனம் இத்துறையைக் கவனித்து வருகிறது.

செயற்கைக்கோள் படம் சிறுசிறு கட்டங்களால் ஆனது. அக்கட்டத்தைப் படப்புள்ளி என்கிறோம். சென்டினல் 2 படத்தில் ஒரு படப்புள்ளி, நிலத்தில் 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பரப்பைக் குறிக்கும். அதாவது 100 சதுர மீட்டர். கெடா உழவர்கள் நிலத்தை ரெலோங் கணக்கில் அளப்பார்கள். ஒரு ரெலோங் ஏறத்தாழ 2,900 சதுர மீட்டர். ஆகவே, ஒரு ரெலோங் வயல் சென்டினல் 2 படத்தில் ஏறத்தாழ 29 புள்ளிகளாகத் தெரியும். லேண்ட்சாட் படத்திலோ ஒரு புள்ளியின் பரப்பு 900 சதுர மீட்டர். அதே வயல் அங்கு மூன்று புள்ளிகளாகச் சுருங்கிவிடும். சிறு உழவரின் வயலைச் சரியாகக் காண நுண்ணிய படம் ஏன் தேவை என்பது இதனால் விளங்கும்.

நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் செயற்கைக்கோள் காண்கிறது. நலமான இலை, சிவப்பு ஒளியை ஒளிச்சேர்க்கைக்காகப் பெரிதும் உறிஞ்சிக்கொள்ளும். அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டைக் கொண்டு அறிவியலாளர்கள் தாவரக் குறியீடு ஒன்றைக் கணக்கிடுகின்றனர். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு வயல் அகச்சிவப்பில் 0.45 பங்கையும் சிவப்பில் 0.05 பங்கையும் திருப்பி அனுப்பினால், 0.40ஐ 0.50ஆல் வகுக்க வேண்டும். விடை 0.8. அங்கே செழிப்பான பயிர் இருக்கிறது என்று பொருள். காய்ந்த மண்ணில் இந்த எண் சுழியத்துக்குச் சற்று மேலே நிற்கும். நீர்ப்பரப்பில் பெரும்பாலும் சுழியத்துக்குக் கீழே போகும்.

ஒரு படம் போதாது

பச்சையாகத் தெரிவதெல்லாம் பாசன வயலா? இல்லை. பத்து காவான் வட்டாரத்தையே பார்ப்போம். கடலோரத்தில் கண்டல் காடு ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். செம்பனையும் அப்படியே. இறால், மீன் வளர்க்கும் குளங்களில் எப்போதும் நீர் இருக்கும். கூரைகளும் சாலைகளும் எந்த மாதத்திலும் மாறுவதில்லை. நெல்வயல் மட்டுமே தொடர்ந்து உருமாறிக்கொண்டிருக்கும். முதலில் நீர் நிறைந்து குளம்போல் தெரியும். சில வாரங்களில் நாற்று வளர்ந்து நீரை மறைக்கும். பின் பசுமை உச்சத்தை எட்டும். கதிர் முற்றும்போது மஞ்சளாகும். ஏறத்தாழ நான்கு மாதங்களில் அறுவடை முடிந்து வெறும் தாள் மட்டும் எஞ்சும்.

ஆகவே, ஒரே இடத்தைப் பல மாதங்கள் தொடர்ந்து படமெடுத்து, தாவரக் குறியீட்டை வரைகோட்டுப் படமாக வரைகின்றனர். நெல்வயலின் கோடு தாழ்ந்து, உயர்ந்து, மீண்டும் தாழும். ஆண்டில் இரண்டு மேடுகள் இருந்தால் இருபோகம் விளைந்துள்ளது என அறியலாம். மழை குறைந்த மாதங்களில் சுற்றுப்புற நிலம் வறண்டிருக்க, ஒரு வயலில் மட்டும் நீரும் பசுமையும் தெரிந்தால், அங்கே பாசன நீர் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். வடமேற்கு மாநிலங்களில் சனவரி, பிப்ரவரி மாதப் படங்கள் இதற்குப் பெரிதும் உதவும்.

இங்கு ஒரு தடை உண்டு. நம்முடையது வெப்பமண்டல நாடு. மழைக்காலத்தில் மேகம் வானை மூடிவிட்டால் படத்தில் வெண்மை மட்டுமே தெரியும். இத்தடையை ரேடார் நீக்குகிறது. 2014ஆம் ஆண்டில் ஏவப்பட்ட சென்டினல் 1 செயற்கைக்கோள் தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. அந்த அலைகள் மேகத்தை ஊடுருவும்; இரவிலும் செயல்படும். அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடியைப்போல் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், நீர் நிறைந்த வயல் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர அவ்விடம் வெளிச்சமாகும்.

காவிரிப் படுகையில் கண்ட பயன்

இந்த ரேடார் படங்களின் பயனைத் தமிழ்நாட்டில் காணலாம். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகமும் பிற அமைப்புகளுடன் இணைந்து, காவிரிப் படுகையின் நெல்வயல்களைச் செயற்கைக்கோள்வழி வரைபடமாக்கின. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. விதைக்க முடியாமல் கிடந்த நிலங்களும் விதைத்தும் கருகிய பயிர்களும் ஏராளம். அவற்றை ஒவ்வொன்றாக நடந்து சென்று பார்ப்பதென்றால் பல மாதங்கள் பிடிக்கும். செயற்கைக்கோள் படங்கள் விதைக்கப்படாத பகுதிகளை விரைவில் காட்டின. பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டை முடிவு செய்வதில் அத்தகவல் பயன்படுத்தப்பட்டது. கடன் வாங்கி விதைத்த குடும்பத்துக்கு, இழப்பீடு ஒரு மாதம் முன்னதாகக் கிடைப்பதும் பெரிய ஆறுதல் அன்றோ?

கணக்கில் வராத நிலம்

இலங்கையில் கொழும்பு நகருக்கு அருகில் அனைத்துலக நீர் மேலாண்மைக் கழகம் இயங்குகிறது. அது செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகப் பாசன நில வரைபடம் ஒன்றைத் தயாரித்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. அரசுகள் தந்த புள்ளிவிவரங்களின் அடிப்படையில் உலகின் பாசன நிலம் ஏறத்தாழ 28 கோடி எக்டர் என்று கருதப்பட்டு வந்தது. செயற்கைக்கோள் வரைபடமோ ஏறத்தாழ 40 கோடி எக்டர் எனக் காட்டியது.

ஏன் இந்த வேறுபாடு? பெரிய அணைகளின் பாசனப் பரப்பு அரசுப் பதிவேடுகளில் இருந்தது. கிணறு, குட்டை, சிற்றேரி ஆகியவற்றால் உழவர் தாமே செய்துகொண்ட பாசனம் பல இடங்களில் பதிவாகவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருப்பதை எண்ணிப் பார்த்தால் இது வியப்பன்று. பதிவில் இல்லாத நிலத்துக்குத் திட்டமும் இல்லை, உதவியும் இல்லை. அந்த நிலத்தை வரைபடம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

எனினும், அந்த எண்ணையும் அப்படியே ஏற்றுவிட இயலாது. அவ்வரைபடத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுடையது. அதற்குள் வயலோடு ஊரும் சாலையும் தரிசும் கலந்திருக்கும். அதில் பாசன நிலத்தின் பங்கு எவ்வளவு என்பதை மதிப்பிடத்தான் முடியும். எண்ணிச் சொல்ல முடியாது. பதிவேடு குறைத்துக் காட்டலாம். படம் கூட்டிக் காட்டலாம்.

தீர விசாரித்து அறிதல்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்பது நம் பழமொழி. வரைபடம் தயாரிப்போர் இதைத் தவறாமல் பின்பற்றுகின்றனர். வரைபடம் உருவானதும் அதிலிருந்து சில இடங்களைத் தேர்ந்தெடுத்து நேரில் செல்கின்றனர். இருப்பிடங்காட்டிக் கருவியால் இடத்தை உறுதி செய்து, அங்கே என்ன பயிர் நிற்கிறது, நீர் எங்கிருந்து வருகிறது எனக் குறிக்கின்றனர். எடுத்துக்காட்டாக, 100 இடங்களில் 88 இடங்கள் வரைபடத்தோடு பொருந்தினால், அதன் துல்லியம் 88 விழுக்காடு. பொருந்தாத 12 இடங்களில் தவறு எப்படி நேர்ந்தது என ஆராய்ந்து வரைபடத்தைத் திருத்துவர்.

அப்போது அவர்களுக்கு உதவுபவர் அந்த வயலில் நிற்கும் உழவரே. சென்ற பருவத்தில் நீர் எத்தனை நாள் தாமதித்தது, எந்த மதகு பழுதானது, எந்த மூலை எப்போதும் காய்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். படம் காய்ந்த வயலைக் காட்டும். அது காய்ந்த காரணத்தைச் சொல்லாது. வயலின் எல்லையைக் காட்டும். அதில் உழைப்பவர் யார், நட்டம் யாருடையது என்பதைச் சொல்லாது. வானிலிருந்து கிடைக்கும் அறிவும் வரப்பில் நின்று பெற்ற அறிவும் சேரும்போதுதான் நீர் நேர்மையாகப் பங்கிடப்படும்.

பத்து காவானில் வயலும் தோட்டமும் குறைந்து நகரம் வளர்ந்து வருகிறது. ஆயினும் நாம் உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் இன்னும் மூடா ஆற்றோடு பிணைந்தே இருக்கின்றன. அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது, நமக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கண் இந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்ப்போம். அது காண்பதைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் உள்ளவர்கள் நமக்குத் தேவை. நாளை அப்பணியைச் செய்பவர்களில் ஒருவர் இந்த வகுப்பறையிலும் இருக்கலாம்.

சிந்தித்து விடை எழுதுக

1. பத்து காவான் வீடுகளுக்கும் கெடா நெல்வயல்களுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. ஒரு நிலம் அகச்சிவப்பில் 0.30 பங்கையும் சிவப்பில் 0.20 பங்கையும் திருப்பி அனுப்புகிறது. அதன் தாவரக் குறியீட்டைக் கணக்கிட்டு, அங்கே செழிப்பான பயிர் இருக்குமா எனக் கூறுக.
3. நெல்வயலையும் செம்பனைத் தோட்டத்தையும் செயற்கைக்கோள் படங்களில் எவ்வாறு வேறுபடுத்தலாம்?
4. ‘படம் காய்ந்த வயலைக் காட்டும், அது காய்ந்த காரணத்தைச் சொல்லாது.’ இக்கூற்றை உன் வட்டாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.